சொல்தா கையை நீட்டினார்

தில்லியிலிருந்து வந்த புத்தகத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பதுருன்னிசாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்றபடியே முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். எல்லாம் இந்தி. அட்டையில் ஒரு கை மட்டும் வரைந்திருந்தார்கள். உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

"எதுக்கு கை?" என்று கேட்டான் அவள் கணவன் கரீம். அவன் அப்போதுதான் வந்த மருந்துப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லா மொழிக் கதையும் இருக்குதுல்ல. யாரோ ஒருத்தரு கதையில வர்ற கையா இருக்கும்."

உப்பனாற்று வாய்க்காலை ஒட்டிய தெருவின் முனையில் அவர்கள் கடை இருந்தது. பதுருன்னிசா பார்மசி படித்தவள். மதியம் ஆள் வராத நேரத்தில் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் குறிப்புத்தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவாள். இத்தனை வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு கதைகள் தேறும். விழுப்புரத்திலும் கடலூரிலும் நடந்த சின்னப் பத்திரிகைகளில் அவை வந்தன. பிறகு அந்தப் பத்திரிகைகளும் நின்றுபோயின. ஒரே ஒரு கதையை மட்டும் சென்னைப் பதிப்பகம் ஒன்று தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. அதை யாரோ இங்கிலீஷில் ஆக்கினார்கள். அந்த இங்கிலீஷைப் பார்த்துத் தில்லி இலக்கிய அமைப்பு ஒன்று, இந்திய மொழிகளின் கதைகளை இந்தியில் கொண்டுவருகிறோம், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டு அவள் அதை மறந்துபோயிருந்தாள்.

சாயங்காலம் மகள் அரீபா காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோள்பையைக்கூடக் கழற்றவிடாமல் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தாள் பதுருன்னிசா.

"பத்தாவது வரைக்கும் படிச்ச இந்திம்மா. எழுத்துக் கூட்டித்தான் வரும்" என்றபடி அரீபா பக்கங்களைத் தள்ளினாள். "இதோ. பதுருன்னிசா, தமிழ். கதை பேரு 'ஷப்த் தோ'. அட, புக்குக்கே அந்தப் பேருதான் வெச்சிருக்காங்க. அட்டையில இருக்கறது உன் கதைதான்."

"அப்படின்னா என்னா?"

"வார்த்தை குடு."

"நான் அப்படி ஒரு கதை எழுதவே இல்லையே."

அரீபா மெதுவாகப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஓர் ஊரில் வயதான பக்கிரி ஒருவர். தெருவில் போகிற வருகிறவர்களிடம் கையை நீட்டிச் சொல் கேட்பார். சோறு வேண்டாம், துணி வேண்டாம், ஒரே ஒரு சொல் போதும். ஒருநாள் ஊரில் வெள்ளம் வருகிறது. பக்கிரி மாடிப்படியில் நின்று கையை நீட்டுகிறார். சொல் கொடுத்தவர்கள் மேலே ஏறிக்கொள்கிறார்கள். ஒருத்தி பாக்கியம் என்கிறாள். ஒருவன் மேன்மை என்கிறான். இன்னொருவன் அன்பு, அழகு என்று இரண்டு சொல் கொடுக்கிறான். எல்லோரும் ஏறிய பிறகு பக்கிரிக்குக் கொடுக்க ஆளில்லை. தண்ணீர் அவர் இடுப்பைத் தொடுகிறது.

படித்து முடித்த அரீபா நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்குதும்மா. ஆனா இது யாரு கதை?"

பதுருன்னிசா புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெள்ளம் அவளுடையதுதான். மாடிப்படியும் அவளுடையதுதான். ஆனால் அவள் எழுதியது எதிர்வீட்டு கிறிஸ்துதாஸைப் பற்றி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுச் சொல் ஊர் வாயில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா மகன் என்று தெருவில் எல்லோரும் சொல்வதுதான். அதனால் அவள் கதையில் அதற்கு விளக்கம் எழுதவில்லை.

கதையில் வருவது, வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் வந்த ஒரு மழை இரவு. கரண்ட் போய்விட்டது. கிறிஸ்துதாஸ் தன் மாடிப்படியில் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்து இழுத்து மேலே ஏற்றினார். இருட்டில் யாரும் விட்டுப்போகக்கூடாது என்று ராணுவத்தில் கேட்பதுபோலப் பெயர் கேட்டார். பாக்கியலட்சுமி என்றாள் ஒருத்தி. செம்மல் என்றான் ஒருவன். அன்பழகன் என்றான் இன்னொருவன். அவ்வளவுதான் கதை. சொல்தா கையை நீட்டினார் என்று ஒரு வரி அதில் உண்டு.

பதுருன்னிசா உள்ளே போய் அலமாரியிலிருந்த சென்னைத் தொகுப்பை எடுத்து வந்தாள். அது வந்தபோது, தன் கதையைத் தானே படிக்கக் கூச்சப்பட்டு மூடி வைத்திருந்தாள். இப்போது திறந்து பார்த்தால் எல்லா இடத்திலும் சொல்தா இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சொல், ஓர் இடைவெளி, தா. மாடிப்படி வரியில் அதற்கு மேற்கோள் குறியும் போட்டிருந்தார்கள்: "சொல் தா" – கையை நீட்டினார். பிழை திருத்தியவருக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்காது. காலையில் புதுச்சேரியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை போய்விடலாம். அந்தத் தூரத்துக்குள்ளேயே சொல்தா காணாமல் போயிருந்தார்.

"உன் பேரைப் பாத்து பக்கிரி ஆக்கிட்டானுங்க போல" என்றான் கரீம். "விடு. நல்லா இருக்குதுன்னு புள்ளையே சொல்லுதே."

அதுதான் அவளைக் குழப்பியது. கதை நன்றாகவே இருந்தது. அரீபா கடைசி வரியைச் சொன்னபோது, அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்றுகூடப் பதுருன்னிசாவுக்கு இருந்தது. தான் எழுதாத கதைக்குத் தானே கலங்கினால் அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் தில்லிக்குப் போன் செய்தாள். இங்கிலீஷ் அவளுக்குப் படித்தால் புரியும். பேசினால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். தொகுப்பின் ஆசிரியரான அம்மாள் அவள் குரலைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். உங்கள் கதைதான் இந்தப் புத்தகத்தின் உயிர் என்றார். அடுத்த வாரம் புதுச்சேரியிலேயே விழா வைத்திருக்கிறோம், நீங்களும் மொழிபெயர்ப்பாளரும் மேடையில் படிக்க வேண்டும் என்றார். சொல் கேட்கும் பக்கிரிகள் இன்னும் உங்கள் ஊரில் இருக்கிறார்களா என்றும் விசாரித்தார்.

"பக்கிரி இல்லைங்க" என்றாள் பதுருன்னிசா. "சொல்தா. பிரெஞ்சு ஆர்மியில இருந்தவர்."

"பிரெஞ்சா? உங்கள் கதை தமிழ் என்றுதானே இருக்கிறது?"

"தமிழ்தான். எங்க தமிழ்."

 அந்த அம்மாள், சொல்தா என்ற சொல் அகராதியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதா என்று பதுருன்னிசாவுக்குத் தெரியவில்லை. புத்தகம் அச்சாகிவிட்டது, சுவரொட்டியும் பையும்கூட அந்தப் பெயரிலேயே தயாராகிவிட்டன என்று அந்த அம்மாள் வருத்தமாகத்தான் சொன்னார். கடைசியில் அவர் சொன்னது: "நீங்களே அறியாமல் இரண்டு பொருளும் உங்கள் கதைக்குள் இருந்திருக்கலாம் அல்லவா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அப்படியும் இருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தாள். ரத்த அழுத்த மாத்திரை கேட்டவருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்தாள். கரீம் பார்த்து மாற்றிக் கொடுத்தான்.

அந்த வாரமே கடற்கரைச் சாலையில் சுவரொட்டிகள் வந்துவிட்டன. கிறிஸ்துதாஸ் தினமும் காலையில் அங்கே நடக்கப் போகிறவர். ஒரு காலை, நடை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார், முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை.

"போன்ழூர், பதுரு. தில்லி புக்கு வந்துடுச்சாமே. சொல்லவே இல்லியே நீ."

"வந்துது மாமா. சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"பிரான்சுல, துலூஸ்ல இருக்கற எம் மவன் டோனி கிட்ட சொல்லிட்டேன். எங்கதைய தில்லியில போட்டிருக்காங்கடான்னு. நம்பவே மாட்டேன்றான். படிச்சிக் காட்டு, கேப்போம்."

"இந்தியில இருக்குது."

"ஒம் பொண்ணுக்குத்தான் தெரியுமே. கூப்புடு."

பதுருன்னிசா கரீமைப் பார்த்தாள். கரீம் வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். ஆனால் இந்த மனிதர் விழாவுக்கு வரப்போகிறார், அங்கே வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வார். அவள் ஸ்டூலை எடுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். சொல்தா எப்படி இரண்டாகப் பிரிந்தது, பக்கிரி எப்படி வந்தார், பெயர்கள் எப்படிச் சொற்களாயின என்று எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவர் சிரித்தார். அன்பழகன் இரண்டு சொல் ஆன இடத்தில் சத்தமாகவே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த போஸ்டர்ல இருக்கற கை என்னுதா?"

"ஆமா மாமா."

"நான் எப்ப கையேந்தினேன்?"

அவள் புத்தகத்தை அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தாள்.

"ஆப்பிரிக்காவுல, ஜிபூத்தியில அந்த வெயில்ல நின்னு வாங்கின ரெத்ரேத் இது." பென்ஷனை அவர் அப்படித்தான் சொல்வார். "இதே தெருவுல எத்தினி பேரு சொன்னான், வெள்ளக்காரன் கிட்ட கையேந்தித் திங்கறவன்னு. ஓட்டுக் கேக்க வர்றவன்கூட சொன்னான். நீ எழுதினத படிச்சிட்டு நான் என்னா சொன்னேன் ஒங்கிட்ட? ஒருத்தியாவது என்ன நிமிர்ந்து நிக்க வெச்சி எழுதினியேன்னு சொன்னேன்."

"நான் இப்படி எழுதல மாமா."

"பின்ன யாரு எழுதினது?"

 சென்னையில் பிழை திருத்தியவரா, இங்கிலீஷில் ஆக்கியவரா, இந்தியில் ஆக்கியவரா, விளக்கம் போடாமல் விட்ட தானா. கிறிஸ்துதாஸ் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். வழக்கமாக வாங்கும் மாத்திரையையும் வாங்கவில்லை. கரீம்தான் பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

விழாவுக்கு முந்தின மதியம், இந்தியில் மொழிபெயர்த்தவர் கடையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். தீவான் சிங் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், குள்ளமான மனிதர். புழுக்கத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுதியவரைப் பார்க்க வேண்டும், பக்கிரி நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அன்று அரீபாவுக்கு வகுப்பு இல்லை. அவளுடைய இந்தியும் அவருடைய இங்கிலீஷும் பதுருன்னிசாவின் இங்கிலீஷுமாகப் பேச்சு நொண்டி நொண்டி நடந்தது.

"கோவப்படாம கேளுங்க" என்று ஆரம்பித்தாள் பதுருன்னிசா. "சொல்தான்னா வார்த்தை குடுன்னு அர்த்தம் இல்ல. அரீபா, அத எப்படிச் சொல்லுவே?"

"தெரியலம்மா. ஆர்மிக்கு இந்தியில என்னமோ வரும். மறந்துட்டேன்."

"சொல்தான்னா..." என்று பதுருன்னிசா தேடினாள். "சொல்தான்னா சிப்பாய்."

தீவான் சிங் சட்டென்று நிமிர்ந்தார். "சிபாஹி?"

"ஆங். சிப்பாய்."

"சிபாஹி" என்று அவர் மறுபடியும் சொன்னார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.  அதன் பிறகு அரீபா சொல்லச் சொல்லக் கேட்டார். படி, கை, பெயர்கள் எல்லாவற்றையும். பாக்கியலட்சுமி ஒரு பெண்ணின் பெயர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அவர் வேகமாக இந்தியில் பேச ஆரம்பித்தார். அரீபா பாதியைப் பிடித்துச் சொன்னாள். "அவரு ஊரு இமயமலைப் பக்கமாம். வீட்டுல பேசறது குமாவுனின்னு ஒரு மொழி. கணக்கெடுக்க வந்தா அதையும் இந்தின்னுதான் சேத்துக்குவாங்களாம். இவரு குமாவுனியில எழுதினாரு, யாரும் போடல. அப்புறந்தான் இந்திக்கு வந்தாராம். வார்த்தை கேட்டுக் கைய நீட்டற ஆளப் படிச்சதும், அது தான்தான்னு நெனச்சாராம். அதனாலதான் அவ்ளோ ஆசையா எழுதினேன்றாரு." அரீபா நிறுத்தி அவர் சொன்னதை இன்னொரு முறை கேட்டாள். "அவரு அப்பாவே சிப்பாயாம்மா. அதான் ரொம்ப வெக்கமா இருக்குதுன்றாரு."

பதுருன்னிசாவுக்கு அவர்மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு வாரமாக அதற்காகவே வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது இவரைப் பார்த்தால் யாரைத் தில்லி என்று நினைத்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. கரீமிடம் டீ வாங்கி வரச் சொன்னாள்.

தீவான் சிங் எதிர்வீட்டுக்காரரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனார்கள். கிறிஸ்துதாஸ் கதவைத் திறந்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தீவான் சிங் வாசலில் நேராக நின்று சல்யூட் அடித்தார். அது பழகிய கையாக இல்லை. அப்பா செய்வதைப் பார்த்த பிள்ளையின் சல்யூட். கிறிஸ்துதாஸ் பதிலுக்கு எதுவும் செய்யாமல் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"இவன்தானா?"

"இவருதான் மாமா. ரொம்ப வருத்தப்படறாரு."

"வருத்தப்பட்டா கை மாறிடுமா?" என்றார் கிறிஸ்துதாஸ். ஆனாலும் நாற்காலி எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் தமிழும் பிரெஞ்சும். இன்னொருவருக்கு இந்தியும் குமாவுனியும். ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமல் எழுந்தார்கள்.

விழா கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய கட்டிடம் ஒன்றில் நடந்தது. வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். நுழைவாயிலில் வெள்ளைச் சுண்ணத்தில் பெரிய கை ஒன்று செய்து மேசைமேல் வைத்திருந்தார்கள், அட்டையில் இருந்தது போலவே உள்ளங்கை மேல்நோக்கி. வருகிறவர்கள் தங்கள் மொழியில் ஒரு சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி அந்தக் கையில் போட வேண்டும். கை நிறைந்து தாள்கள் சிதறிக் கிடந்தன.

கிறிஸ்துதாஸ் வரமாட்டார் என்று பதுருன்னிசா நினைத்திருந்தாள். வந்தார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்குப் போடும் கோட்டைப் போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார். ஒரு பெண் அவரிடமும் துண்டுத்தாளை நீட்டி, எழுதிப் போடச் சொன்னாள். அவர் வாங்கவில்லை. அந்தக் கையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். கட்டைவிரல் மேலே வந்தது. தாள்கள் எல்லாம் தரையில் கொட்டின.

"ஐயா, என்ன பண்றீங்க?" என்று ஒரு தொண்டர் ஓடி வந்து கையைப் பழையபடி வைத்தார்.

கிறிஸ்துதாஸ் மறுபடியும் திருப்பினார். "இப்படித்தான் நீட்டினேன்" என்றார் தமிழில். பிறகு தொண்டரின் கையைப் பிடித்து, தண்ணீரிலிருந்து ஆளைத் தூக்குவதுபோலத் தன் பக்கம் இழுத்துக் காட்டினார். அந்தப் பையன் தடுமாறி அவர்மேல் சாய்ந்தான். "புரியுதா? இப்படி."

சுற்றி நின்றவர்கள் இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் கைதட்டினார்கள், சிலர் படம் எடுத்தார்கள். ஒரு தம்பதி பக்கவாட்டில் நின்ற அந்தக் கையோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டது. தொண்டர்கள் தாள்களைப் பொறுக்கி ஒரு தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கையைத் தொடவில்லை. கிறிஸ்துதாஸ் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பதுருன்னிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் நேரம் இல்லை. மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அவளை அறிமுகப்படுத்தினார். தாய்மொழி உருதுவாக இருந்தும் தமிழில் எழுதுகிற அரிய எழுத்தாளர் என்றார்.

"எனக்கு உருது தெரியாதுங்க" என்றாள் பதுருன்னிசா மைக்கில். "எங்க வூட்டுல எப்பவும் தமிழ்தான்."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் இங்கிலீஷில் ஒரு விளக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கையில் எடுத்ததும் எழுத்துகள் ஓடின. மடித்து வைத்துவிட்டு, பத்திரிகையில் முதலில் வந்ததுபோலவே கதையைத் தமிழில் படித்தாள். பின்னால் திரையில் இந்தி ஓடியது. சபையில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அஞ்சலாட்சி என்ற பெயரைப் படித்தபோது, திரையில் அது இந்தியில் தபால், ஆட்சி என்று ஓடியதைப் பார்த்து ஒருவர் சிரித்தே விட்டார்.

அடுத்து தீவான் சிங் வந்தார். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார், அதைப் பார்த்துப் படிக்கவில்லை. திரையில் ஷப்த் தோ என்று வந்த இடத்தில் எல்லாம் சிபாஹி என்றார். பக்கிரி என்று வந்ததை விட்டுவிட்டார். மாடிப்படி வந்ததும் நிறுத்தி, தன் கையை நீட்டிக் காட்டினார், பக்கவாட்டில். பிறகு, ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பெயர்களைத் தடுமாறிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தி தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். திரை ஒன்று சொல்ல ஆள் வேறொன்று சொன்னால் எதைக் கேட்பது? முன்வரிசையில் இருந்த தொகுப்பாசிரியர் அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முடிந்தபோது கைதட்டல் அங்கங்கே கேட்டது. பதுருன்னிசாவுக்குத் தட்டியதைவிடக் குறைவு என்று அரீபா சொன்னாள்.

வெளியே வரும்போது அந்த அம்மாள் பதுருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை" என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று பதுருன்னிசாவுக்குத் தோன்றியது.

கிறிஸ்துதாஸை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள்.  வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்தக் குள்ளன் சிபாஹி சிபாஹின்னான் இல்ல? அது நானா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"சரி" என்று உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. தில்லி அமைப்பு தன் இணையப் பக்கத்தில் திருத்திய கதையைப் போட்டது. புத்தகத்தின் பெயர் மாறவில்லை. சென்னைப் பதிப்பகம், அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றது. அடுத்த அச்சு எப்போது என்று சொல்லவில்லை. திருத்திய கதையைப் படித்த ஒருவர், முதலில் இருந்த மாயம் இதில் போய்விட்டது, யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதைத் தீவான் சிங்தான் அரீபாவுக்கு அனுப்பி, அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். பதுருன்னிசாவுக்கு அது வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்படி எழுதியவர் மேல் கோபமும் வரவில்லை. பக்கிரியின் இடுப்புவரை தண்ணீர் ஏறிய அந்தக் கடைசி வரி சில மதியங்களில் அவளுக்கே ஞாபகம் வந்தது. அப்படி வரும்போது எதிர்வீட்டைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

தை பிறந்த பிறகு ஒருநாள் தீவான் சிங்கிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. கதையைக் குமாவுனியில் ஆக்கியிருக்கிறேன், பதினேழு வருஷத்துக்குப் பிறகு அந்த மொழியில் எழுதியது இதுதான், அச்சில் யாரும் போடமாட்டார்கள், அதனால் படித்து அனுப்புகிறேன் என்று கூடவே இங்கிலீஷில் எழுதியிருந்தார். அந்த நேரத்தில் கிறிஸ்துதாஸ் கடையில் இருந்தார். மாத்திரை வாங்க வருகிறவர் மறுபடி ஸ்டூலில் உட்கார ஆரம்பித்திருந்தார்.

பதுருன்னிசா போனை மேசைமேல் வைத்துப் போட்டாள். தீவான் சிங்கின் குரல் வந்தது. மேடையில் கேட்ட குரலைவிட இறங்கிய குரல், அவசரம் இல்லாதது. ஓர் இடத்தில் பின்னணியில் யாரோ ஒரு கிழவர் இருமி, ஏதோ கேட்டார். தீவான் சிங் அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"இது என்னா பாஷை?"

"அவரு வூட்டு பாஷை மாமா."

கிறிஸ்துதாஸ் போனை எடுத்துக் காதருகே வைத்துக்கொண்டார். "இதுல நான் என்னாவா இருக்கேன்?"

"தெரியல மாமா. ஒரு வார்த்தையும் புரியல."

"கேட்டுச் சொல்லு."

"கேக்கறேன்."

குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டு ஒரு பெண் வந்தாள். பதுருன்னிசா வயதைக் கேட்டு, எடையைக் கேட்டு, பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். எந்த இருமல், சளி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துதாஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நடுநடுவே, புரிந்தவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.